விருந்தினர் வரியும் பல்போவா பூங்காவும்

முன்னோர் தேடி வைத்த செல்வத்தைக் காப்பது பின்னோர் கடன் என்பர். ஆயின், காப்பதற்கும் பொருள் வேண்டும். அப்பொருளை உள்ளூர் மக்கள் மட்டுமே தருவதா, அச்செல்வத்தைக் கண்டு மகிழ வருவோரும் தருவதா என்னும் வினா பல நகரங்களில் எழுந்துள்ளது. அமெரிக்க நாட்டின் கலிபோர்னியா மாநிலத்தில், தென்கோடியில் அமைந்த சான் டியேகோ நகரின் வரலாறு இவ்வினாவிற்கு ஒரு விடை தருகின்றது.

அந்நகரத்தார் 1868ஆம் ஆண்டில் 1,400 ஏக்கர் நிலத்தைப் பொதுப் பூங்காவிற்கென ஒதுக்கினர். அன்று அது புதர் மண்டிய வறள்நிலம். 1892இல் கேட் செஷன்ஸ் என்னும் அம்மையார் அங்கு ஏறத்தாழ 30 ஏக்கர் நிலத்தில் நாற்றுப்பண்ணை அமைக்க இசைவு பெற்றார். அதற்கு ஈடாக ஆண்டுதோறும் பூங்காவில் 100 மரங்கள் நட ஒப்புக்கொண்டார். இன்று அங்கு நிழல் தரும் மரங்கள் பல, அவ்வம்மையார் தொடங்கிவைத்த பணியின் பயன். 1910இல் அவ்விடம் பல்போவா பூங்கா எனப் பெயர் பெற்றது.

பனாமாக் கால்வாய் திறக்கப்பட்டதைக் கொண்டாடும் பொருட்டு 1915, 1916ஆம் ஆண்டுகளில் அங்கு ஒரு பெருங்கண்காட்சி நடைபெற்றது. பெர்ட்ராம் குட்ஹியூ என்னும் கட்டடக் கலைஞரின் தலைமையில் ஸ்பானிய பாணியில் எழில்மிகு மாளிகைகள் எழுந்தன. அவற்றுட் பல மரச்சட்டத்தின்மேல் சாந்து பூசி எழுப்பப்பட்டவை. கண்காட்சி முடிந்ததும் அகற்றப்பட வேண்டியவை. ஆயினும், அவற்றின் அழகில் ஈடுபட்ட மக்கள் அவற்றை இடிக்க மனம் கொள்ளவில்லை. ஓராண்டிற்கென எழுந்த கட்டடங்கள் பல தலைமுறைகளுக்கு நிலைக்க வேண்டியவையாயின. 1935இல் இரண்டாம் கண்காட்சியின்பொருட்டு அவை பழுதுபார்க்கப்பட்டன. புதியன சிலவும் சேர்ந்தன.

அன்பு கட்டடத்தை இடிபடாமல் காத்தது. மழையினின்றும் தீயினின்றும் காக்கவில்லை. 1925இலேயே ஒரு மண்டபம் எரிந்து சாம்பலாயிற்று. பிற்காலத்தில் சாந்து உதிர்ந்து, சிற்ப வேலைப்பாடுகள் சிதையத் தொடங்கின. 1967இல் பீ ஈவன்சன் அம்மையார் ஒரு குழுவைத் திரட்டிப் பழைய தோற்றத்தைக் காக்கப் போராடினார். அதன் பயனாக, இடிந்துபோன ஒரு மாளிகை 1971இல் பழைய வடிவிலேயே எழுந்தது. 1977இல் பூங்காவின் கண்காட்சிப் பகுதி தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. ஆயின், மறு ஆண்டே இரு தீவிபத்துகள் நேர்ந்தன. 1978 பிப்ரவரியில் விமான அருங்காட்சியகமும், மார்ச்சில் ஷேக்ஸ்பியர் நாடகங்கள் அரங்கேறிவந்த ஓல்டு குளோப் அரங்கும் அழிந்தன. பட்டயம் ஒரு கட்டடத்திற்குப் பெருமை தரும். பாதுகாப்புத் தருவது பொருள்தான் என்பதை நகரம் உணர்ந்தது.

அப்பொருளுக்குத் துணை நின்றவற்றுள் ஒன்று விடுதி வரி. விடுதிகளில் ஒரு மாதத்திற்குக் குறைவாகத் தங்குவோர் அறை வாடகையுடன் செலுத்தும் இவ்வரியைச் சான் டியேகோ 1964இல் விதித்தது. வரும் பயணி நகரின் சாலையில் நடக்கின்றார், பூங்காவில் உலவுகின்றார். அவர் தங்க வருவதற்கே அப்பூங்காவும் ஒரு காரணமாகும். எனவே, அதன் பராமரிப்பில் அவரும் பங்கு கொள்ளுதல் முறையே என்பது இவ்வரியின் பின்னுள்ள நியாயம்.

எனினும், ஆண்டுதோறும் சிறிது சிறிதாக வரும் வரிப்பணத்தைக்கொண்டு ஒரு மாளிகையை ஒரே காலத்தில் எழுப்புதல் அரிது. ஆதலின், 1990களின் தொடக்கத்தில் நகராட்சி பூங்காத் திட்டங்களுக்கெனக் கடன் திரட்டி, விடுதி வரி வருவாயில் ஒரு பகுதியை அக்கடனை அடைக்க ஒதுக்கியது. வருங்கால விருந்தினர் தரவிருக்கும் பணம், நிகழ்காலப் பணிக்கு உதவியது. அப்பத்தாண்டிலேயே ‘ஹவுஸ் ஆஃப் சார்ம்’ 1996இலும் ‘ஹவுஸ் ஆஃப் ஹாஸ்பிட்டாலிட்டி’ 1997இலும் உறுதியான கட்டுமானத்துடன் பழைய தோற்றத்தில் மீண்டும் எழுந்தன. பின்னதன் பெயருக்கு ‘விருந்தோம்பல் இல்லம்’ என்பது பொருள்.

இம்முறையின் குறையையும் மாணவர் அறிதல் வேண்டும். 1994 முதல் வரிவீதம் 10.5 விழுக்காடாக இருந்தது. 200 டாலர் வாடகைக்கு வரி 21 டாலர். அதில் 11 டாலர் நகரின் பொதுச் செலவிற்கும், 8 டாலர் நகரின் புகழைப் பரப்பும் பணிகளுக்கும், எஞ்சிய 2 டாலர் நகர மன்றம் விரும்பும் எப்பணிக்கும் உரியவை. பூங்காவிற்கென்று நிலையான பங்கு அவ்விதியில் இல்லை. ஒவ்வோர் ஆண்டும் காவல், தீயணைப்பு, சாலை ஆகியவற்றுடன் அது போட்டியிட வேண்டியதாயிற்று. 2025 மே மாதம் முதல் வரிவீதம் பகுதிக்கேற்ப 11.75 முதல் 13.75 விழுக்காடு வரை உயர்ந்தது. அவ்வுயர்வால் வரும் வருவாய், மாநாட்டு மண்டபம், வீடற்றோர் நலன், சாலை ஆகிய மூன்றிற்கே உரியதாக்கப்பட்டது. 1915ஆம் ஆண்டுத் தாவர மண்டபம் 2022இல் மூடப்பட்டு 2024 டிசம்பரில் மீண்டும் திறக்கப்பட்டபோது, நகர நிதியுடன் மாநில நிதியும் தனியார் நன்கொடையும் தேவைப்பட்டன.

வரி விதிப்பதால் மட்டும் மரபு காக்கப்படுவதில்லை. பெற்ற பணத்தை இன்ன பணிக்கு இவ்வளவு என எழுதி வைத்து, அவ்வெழுத்தின்படி செலவிடும்போதே அது காக்கப்படுகின்றது. கேட் செஷன்ஸ் அம்மையாரின் ஒப்பந்தத்தில் 100 மரங்கள் என்னும் எண் இருந்தது. அவ்வெண் இருந்தமையால் மரங்களும் வளர்ந்தன. பொதுப்பணத்திற்கும் அத்தகைய எண் ஒன்று வேண்டும் என்பதே பல்போவா பூங்காவின் வரலாறு கற்பிக்கும் பாடம்.