பம்பாய்த் தேக்கு

மரக்கடை நடத்திய எனக்குக் கப்பல் என்றால் முதலில் மரம்தான். திருகோணமலையின் பெயரைத் தாங்கிய ‘டிரிங்கோமாலி’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பல் 1817இல் பம்பாய் கப்பல் கட்டும் துறையில் இறங்கியது. கட்டியவர் ஜாம்செட்ஜி பொமன்ஜி வாடியா. 1736இல் சூரத்திலிருந்து வந்த தச்சர் லவ்ஜியின் பேரன். மரம் மலபார் தேக்கு. இழைத்த தேக்குப் பலகையைத் தடவினால் விரலில் எண்ணெய் மெழுகுபோல் ஒட்டும். அந்த எண்ணெய்தான் இரும்பாணியைத் துருவிலிருந்து காக்கும். ஆங்கிலேயரின் ஓக்கில் உள்ள அமிலமோ ஆணியையே அரிக்கும்.

கப்பல் தயாரானபோது நெப்போலியன் போர் முடிந்துவிட்டது. அரசாங்கக் கொள்முதல் எக்காலத்திலும் இப்படித்தான்! இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத்துக்குக் கொண்டுபோய், கூரை வேய்ந்து கால் நூற்றாண்டு சும்மா நிறுத்திவைத்தார்கள். 1847இல்தான் கடற்படைப் பணிக்குப் போனது. இப்போது ஹார்ட்ல்பூலில், பெரும்பாலும் அதே பழைய மரத்தோடு, தண்ணீரில் மிதக்கிறது.