தூண்டிலில் சிக்கிய மீன் ஆணா, பெண்ணா? எப்படிக் கண்டுபிடிப்பது?

மர்பி டவுன்ல இருக்கிறவங்களுக்கு அல்சூர் ஏரி பக்கம்தான். ஆனால் தூண்டில் போட எல்லா ஏரியிலும் அனுமதி இருக்காது, முதலில் அதை விசாரிச்சுக்கோங்க. அனுமதி உள்ள ஏரியில் மீன் சிக்கியதும் பலருக்கும் வரும் யோசனை: 'சினை மீனா இருந்தா விட்டுடலாமே!' நல்ல எண்ணம்தான். ஆனால் அதனால் ஏரிக்குப் பலன் உண்டா என்பது என்ன மீன் என்பதைப் பொறுத்தது.

ரோகு, கட்லா, மிர்கால் மூன்றுக்கும் ஒரே சோதனைதான். மழைக்காலத்தில் செவுளுக்குப் பின்னால் உள்ள துடுப்பை விரலால் தடவிப் பாருங்கள். சொரசொரப்பாக இருந்தால் ஆண், வழுவழுப்பாக இருந்தால் பெண். வயிற்றை மெதுவாக அழுத்தினால் பால் போன்ற திரவம் வந்தாலும் ஆண்தான். பெண்ணுக்கு வயிறு உப்பி மெதுமெதுவென்றும், ஆசனவாய்ப் பகுதி சிவந்து வீங்கியும் இருக்கும். வயிற்றை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீங்க, நல்லா இரை தின்ன மீனுக்கும் வயிறு புடைக்கும். மற்ற மாதங்களில் வெளியே பார்த்துச் சொல்வது ரொம்பக் கஷ்டம்.

ஆனால் இந்த மூன்றும் தேங்கிய ஏரித் தண்ணீரில் பொதுவாக முட்டையிடாது. வெள்ளம் ஓடும் ஆறு வேண்டும். அதனால்தான் ஏரிகளில் குஞ்சு வாங்கி விடுகிறார்கள். 1957 ஜூலை 10 அன்று ஹீராலால் சௌத்ரி, பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டு இந்தக் கெண்டைகளை முட்டையிட வைத்தார். இன்றைய குஞ்சுப் பொரிப்பகங்களுக்கு அதுதான் தொடக்கம். ஆக, ஏரியில் நீங்கள் திருப்பி விடும் சினை ரோகுவால் அங்கே குஞ்சு பெருகாது.

ஜிலேபி மீன் இதற்கு நேர் எதிர். 1952-இல் இந்தியாவுக்கு வந்த இந்த வெளிநாட்டு மீன், தேங்கிய தண்ணீரிலேயே தாராளமாகப் பெருகும். இதில் ஆண்தான் பெரிசா வளரும். மீனைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள்: ஆணுக்கு இரண்டு துவாரம், பெண்ணுக்கு மூன்று. வாய்க்குள் முட்டையோ குஞ்சோ இருந்தால் சந்தேகமே வேண்டாம், தாய்தான். இதை ஏரிக்குள் திருப்பி விட்டால் நாட்டு மீன்களுக்குத்தான் போட்டி.

உண்மையிலேயே கவனம் தேவைப்படுவது விரால். இது ஏரியிலேயே முட்டையிட்டு, குஞ்சுகளைக் காவல் காக்கும். சினைக் காலம் தவிர ஆண், பெண் வித்தியாசம் தெரியாது. ஆனால் இங்கே அது முக்கியமும் இல்லை; காவல் வேலையில் ஆணுக்கும் பங்கு உண்டு. தண்ணீர் மேல்மட்டத்தில் செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால், அடியில் பெரிய விரால் நிற்கும். பசிக்காக இல்லாவிட்டாலும், குஞ்சைக் காப்பாற்றவே அது உங்கள் தூண்டிலைத் தாக்கும். அதைப் பிடித்துட்டீங்கன்னா குஞ்சுகள் மற்ற மீன்களுக்கு இரைதான். அந்த இடத்தில் தூண்டில் போடாதீங்க. தெரியாமல் சிக்கிவிட்டால், கையை நனைத்துக்கொண்டு முள்ளை எடுத்து, அதே இடத்தில் உடனே விடுங்கள்.