கலகெதரக் கணவாயும் மலைவழிப் படையெடுப்புகளும்: முன்னேற்பாடு பற்றிய ஒரு நோக்கு

கண்டியிலிருந்து குருநாகலுக்குச் செல்லும் வீதியில், மலைநாட்டுச் சரிவு தாழ்நிலத்தை நோக்கி இறங்கும் இடத்தில் கலகெதர அமைந்துள்ளது. சிங்கள மொழியில் ‘கல்வீடு’ எனப் பொருள்படும் இப்பெயர், கண்டி இராச்சியத்தின் வரலாற்றில் ஒரு வாயிலின் பெயராகவே இடம்பெறுகின்றது. மேற்கே பலன எவ்வாறோ, வடமேற்கே கலகெதரவும் அதனை அடுத்த கிரிஹாகமவும் அவ்வாறே தலைநகருக்கு ஏறும் வழியைக் காத்து நின்றன. இன்று பேருந்திற் செல்வோர் இவ்வேற்றத்தைப் பொருட்படுத்துவதில்லை. தலையிலும் தோளிலும் சுமை தாங்கி ஒருவர் பின் ஒருவராக ஏறியோருக்கோ இது நாட்டின் எல்லையாயிருந்தது.

இவ்வழியாக நிகழ்ந்த படையெடுப்புகளை ஆராய்ந்தோர் பெரும்பாலும் போரையும் உடன்படிக்கையையும் துரோகத்தையுமே பேசியுள்ளனர். படை புறப்படுமுன் என்ன செய்யப்பட்டது, எது செய்யப்படாது விடப்பட்டது என்பது அத்துணை கவனத்தைப் பெறவில்லை. மலைவழியிற் கூட்டமாகச் செல்வோரின் வெற்றியும் அழிவும் பெரும்பாலும் அடிவாரத்திலேயே முடிவாகிவிடுகின்றன என்பதற்குக் கண்டி வரலாற்றைவிடத் தெளிவான சான்று காண்பதரிது.

முதலிற் கூறத்தக்கது ஒரு படையெடுப்பன்று; ஒரு தப்பியோட்டம். 1660 இல் சிறைப்பட்ட ஆங்கிலேயரான றொபேட் நொக்ஸ், 1679 இல் தோழர் ஒருவருடன் கண்டிக்கு அருகிலுள்ள எலதெட்டவிலிருந்து புறப்பட்டு, அனுராதபுரத்தைக் கடந்து, மல்வத்து ஓயாவைத் தொடர்ந்து சென்று அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்தார். இப்பயணம் சில வாரங்களே எடுத்தது. ஆயின் அதற்கான ஆயத்தம் பல ஆண்டுகள் நீடித்தது. சில்லறைப் பண்டங்களை விற்கும் வியாபாரிகளாக வடக்கே அடிக்கடி சென்று வழிகளையும், காவலரண்களையும், மழையற்ற காலத்தில் நீர் கிடைக்கும் இடங்களையும் அவர்கள் அறிந்து வைத்திருந்தனர். உணவும், சிறு கோடரிகளும், சமைக்க ஒரு பாத்திரமும், முள் தைக்காதிருக்கக் காலணி செய்வதற்கு மான்தோலும் அவர்களிடம் இருந்தன. கண்டி நாட்டின் ஒற்றையடிப் பாதைகளையும் அவற்றை அடைத்து நின்ற முட்கடவைகளையும் 1681 இல் வெளிவந்த தம் நூலில் நொக்ஸ் விவரித்துள்ளார். அந்நூலைப் படிக்கும் வாய்ப்புப் பெற்றிருந்த பிற்காலத் தளபதிகள் அதிலிருந்து கற்றுக்கொண்டது மிகக் குறைவே.

ஒல்லாந்தர் ஒரு முறை தோற்றபின் ஓரளவு கற்றனர். 1764 இல் ஆறு அணிகளாகப் புறப்பட்ட அவர்தம் படை மலையை எட்டாமலே சிதறியது. அடுத்த ஆண்டில், தேசாதிபதி வான் எக் தலைமையில் வீரரின் உடை எளிதாக்கப்பட்டது; வாளுக்கும் துப்பாக்கிமுனை ஈட்டிக்கும் பதிலாகக் காட்டை வெட்டும் கத்திகள் வழங்கப்பட்டன. பெப்ரவரியில் நகரம் அவர்கள் வசமாயிற்று. ஆயினும் அரசன் கீர்த்தி ஸ்ரீ இராசசிங்கன் அங்கில்லை, மக்களுமில்லை. ஏறுவதற்கு ஆயத்தஞ் செய்தவர்கள் தங்கியிருப்பதற்கு ஆயத்தஞ் செய்யவில்லை. நோயும் உணவுப் பற்றாக்குறையும் அவர்களை இறக்கிவிட்டன.

இதே தவறு 1803 இல் பன்மடங்காக நிகழ்ந்தது. புத்தளத்து முஸ்லிம் வணிகரின் பாக்கு பறிமுதல் செய்யப்பட்டதைக் காரணங்காட்டித் தேசாதிபதி பிரெடெரிக் நோர்த் போர் தொடுத்தார். மேஜர் ஜெனரல் மக்டவல் ஜனவரி 31 ஆம் நாள் கொழும்பிலிருந்தும், லெப்டினன்ட் கேணல் பார்பட் பெப்ரவரித் தொடக்கத்தில் திருகோணமலையிலிருந்தும் புறப்பட்டனர். மக்டவலின் படை நீர்கொழும்பு, தம்பதெனிய வழியாக வந்து, கலகெதர, கிரிஹாகம ஆகிய காவலரண்களைப் பெரும் இழப்பின்றிக் கைப்பற்றியது. பெப்ரவரி 21 அளவில் இரு படைகளும் வெறிச்சோடிய நகருக்குள் நுழைந்தன. மூன்று வாரம்! இவ்விரைவே அவர்களை ஏமாற்றியது எனலாம்.

காலத் தெரிவு பிழையன்று. வடகீழ்ப் பருவமழை ஓய்ந்து, தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன் உள்ள பெப்ரவரி, மார்ச் மாதங்களே இச்சரிவில் ஏறுவதற்கு உகந்தவை. ஆனால் அக்காலம் எப்போது முடியும் என்பதும், முடிந்தபின் அங்கிருப்போர் எவ்வாறு வாழ்வர் என்பதும் கணக்கிற் சேர்க்கப்படவில்லை. உணவுக் கணக்கும் அத்தகையதே. சுமைகாரன் ஒருவன் 50 இறாத்தல் அரிசி சுமக்கிறான் எனவும், நாளொன்றுக்கு 2 இறாத்தல் உண்கிறான் எனவும் கொள்வோமாயின், பத்து நாள் ஏறிப் பத்து நாள் இறங்கும் வழியில் 40 இறாத்தலை அவனே உண்ண வேண்டும். மேலே எஞ்சுவது 10 இறாத்தல். அவன் நோயுற்றாலோ, வழியிற் சுமையை எறிந்துவிட்டு ஓடினாலோ அதுவுமில்லை. ஓடியவனைக் குறை கூறுவதற்கும் இடமில்லை. வற்புறுத்தித் திரட்டப்பட்டு, ஆயுதமின்றி அம்பிற்கும் குண்டிற்கும் இடையே நடத்திச் செல்லப்பட்ட மனிதனுக்கு அப்போரில் என்ன பங்கிருந்தது?

கண்டியரும் ஆயத்தமாகவே இருந்தனர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. போர்த்துக்கேயர் காலந்தொட்டே அவர்கள் பயின்ற முறை அது: எதிரி வரும்போது நகரைக் காலி செய்தல், தானியத்தை அகற்றுதல், பாதையை மரம் வீழ்த்தி மறித்தல், பின் மழைக்காகக் காத்திருத்தல். ஸ்ரீ விக்கிரம இராசசிங்கன் ஹங்குரான்கெத்தவுக்குப் பின்வாங்கியதைக் கோழைமை என எழுதியோர் இம்முறையை உணராதவராவர்.

நாயக்கர் மரபினரான முத்துச்சாமியை அரியணையில் இருத்திவிட்டு, மக்டவல் ஏப்ரலில் படையின் பெரும்பகுதியுடன் இறங்கினார். எஞ்சிய காவற்படையிற் காய்ச்சல் பரவியது. மே மாதத்தில் பார்பட்டும் காய்ச்சலுக்கு இரையானார். நுளம்பே மலேரியாவைப் பரப்புகின்றது என்பது 1897 இல் ரொனால்ட் றொஸ் நிறுவிய உண்மை. 1803 இல் அது எவர்க்கும் தெரியாது. எனினும் அடிவாரக் காடுகளிற் காய்ச்சல் உண்டு என்பதும் அது எக்காலத்திற் கொடிதாகும் என்பதும் அந்நாட்டு மக்கள் நன்கறிந்த செய்திகளே. கேட்டறியும் ஏற்பாடுதான் இருக்கவில்லை.

யூன் 24 ஆம் நாள் மேஜர் டேவி சரணடைந்தார். நோயாளரை மருத்துவமனையில் விட்டுவிட்டு, திருகோணமலை நோக்கிப் புறப்பட்டவர்களை வட்டப்புலுவவில் மகாவலி கங்கை தடுத்து நிறுத்தியது. தென்மேற்குப் பருவமழையால் ஆறு பெருகியிருந்தது. ஓடமில்லை, தெப்பங் கட்டி அக்கரை சேரும் முயற்சியும் கைகூடவில்லை. முத்துச்சாமி கண்டியரிடம் ஒப்படைக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். 26 ஆம் நாள் ஐரோப்பிய வீரர்கள் ஆற்றங்கரையில் அழிக்கப்பட்டனர். நோயாளரும் தப்பவில்லை. இதன் பின்னர் பிரித்தானிய எழுத்தாளர் பலர் டேவியின் மேல் பழியைச் சுமத்தினர். அவர் உறுதியற்றவர் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் திரும்பி வரும் வழியும், ஆற்றைக் கடக்கும் வகையும், நோயுற்றோரைச் சுமப்போரும் ஜனவரியிலேயே தீர்மானிக்கப்பட வேண்டியவை. யூன் மாதத்தில் டேவிக்கு எஞ்சியிருந்தது, எந்த வழியில் அழிவது என்ற தெரிவு மட்டுமே.

திரும்பும் வழியே இல்லாதிருத்தல் எப்போதும் அழிவைத் தரும் என்பதற்கில்லை. 1888 இல் நோர்வேயைச் சேர்ந்த நான்சென், தம்முடன் ஐவரைச் சேர்த்துக்கொண்டு கிறீன்லாந்தின் பனிப்பரப்பைச் சறுக்குக் கட்டைகளின் துணையுடன் கடந்தார். குடியிருப்புகள் உள்ள மேற்குக் கரையிலிருந்து புறப்படாது, மனிதர் அரிதான கிழக்குக் கரையிலிருந்து அவர் புறப்பட்டது வேண்டுமென்றே செய்த தெரிவு. பின்னால் ஒன்றுமில்லை, முன்னாலேயே உணவும் உறையுளும் உண்டு என்பதை அறுவரும் அறிந்திருந்தனர். சறுவண்டியும் அடுப்பும் உடையும் அப்பயணத்திற்கென்றே ஆக்கப்பட்டவை. கண்டிக் காவற்படையும் பின்வழியை இழந்தது. ஆனால் அதனை அறிந்து ஏற்றவர் அங்கு ஒருவருமிலர். பனிக்கு ஈடாக இங்கு மழையும், பனிச்சரிவுக்கு ஈடாகக் காய்ச்சலும் இருந்தன என்பதைத் தவிர, இரண்டிடத்தும் கேட்கப்பட வேண்டிய கேள்விகள் ஒன்றே.

குழுவினர் அனைவரும் ஒரே திட்டத்தை அறிந்திருத்தல் வேண்டும் என்பதற்கு அடுத்த ஆண்டு சான்றாயிற்று. 1804 செப்டெம்பரில், ஆறு அணிகள் வெவ்வேறு திசைகளிலிருந்து சென்று கண்டியிற் கூடுவதென நோர்த் திட்டமிட்டார். பின்னர் அதனைக் கைவிட்டார். மட்டக்களப்பிலிருந்த கப்டன் ஆதர் ஜோன்ஸ்ரனுக்குச் சென்ற இரண்டாவது மடல் இதனைத் தெளிவாகக் கூறவில்லை. ஏறத்தாழ முந்நூறு பேருடன் அவர் புறப்பட்டு, ஒக்டோபரிற் கண்டியை அடைந்தார். வேறெந்த அணியும் வரவில்லை. மழை தொடங்கியிருந்தது. ஆறு பெருகுமுன் கடந்தாக வேண்டும் என்பதை உணர்ந்த அவர், சில நாட்களில் நகரைவிட்டகன்று, போரிட்டபடியே திருகோணமலையை அடைந்தார். டேவி இழந்த ஆற்றை ஜோன்ஸ்ரன் இழக்கவில்லை. இவ்வனுபவத்தை 1810 இல் அவர் நூலாக வெளியிட்டார். சுமைகாரரைத் திரட்டுவதிலும் கட்டிக்காப்பதிலும் உள்ள இடர்களை வெளிப்படையாகப் பேசுவதே அந்நூலின் சிறப்பு. வீரச் செயலாக இந்நடை போற்றப்படுகின்றது. ஒரு மடலின் தெளிவின்மைக்காக இறந்தோரை எண்ணுமிடத்து அப்போற்றல் சற்றுக் கசக்கவே செய்யும்.

1815 இல் தேசாதிபதி பிறவுண்றிக் எட்டு அணிகளை அனுப்பியபோது நிலைமை முற்றிலும் வேறாயிருந்தது. ஜோன் டொயிலி பல ஆண்டுகளாகக் கண்டி நாட்டினுள் இருந்து வந்த செய்திகளைத் திரட்டி வந்தார். அவருடைய நாட்குறிப்பு அதற்குச் சான்று. 1814 இல் கொழும்புக்குத் தப்பி வந்த எகலப்பொலை, மேலும் அறிவு தந்தார். பெப்ரவரி 14 ஆம் நாள் கண்டி பெரும் போரின்றிக் கைப்பற்றப்பட்டது. அரசன் சில நாட்களிற் பிடிபட்டான். மார்ச் 2 ஆம் நாள் உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. மழைக்கு முன்னரே யாவும் முடிந்தன. இதனை முன்னேற்பாட்டின் வெற்றி என்று மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. பிரதானிகள் அரசனைக் கைவிட்டதும், முட்கடவைகளைக் காப்போர் இல்லாது போனதும் அதனிற் பெரிய காரணங்கள். எனினும் அப்பிளவினை முன்கூட்டியே அறிந்து, அதற்கேற்பப் புறப்படும் நாளைக் குறித்தமை டொயிலியின் உழைப்பேயாகும்.

1820களில் எட்வேட் பாண்ஸ் கடுகண்ணாவ வழியாக வீதி அமைத்தார். 1867 இல் புகையிரதம் கண்டியை அடைந்தது. கலகெதர ஏற்றம் காவலை இழந்து, குருநாகல் வீதியின் ஒரு வளைவாயிற்று. அவ்வேற்றத்திற் காவலரணைத் தாக்கிய அதிகாரிகளின் பெயர்கள் நூல்களில் உள்ளன. அரிசியையும் குண்டுகளையும் சுமந்து அவர்களுக்குப் பின்னால் ஏறியோர் அந்நூல்களிற் ‘கூலிகள்’ என்ற ஒரு சொல்லாகவே நிற்கின்றனர்.