கண்ணீர்ப் பையும் கண்மலரும்

திருவண்ணாமலைக்கு ஒரு புராணம் உண்டு. பார்வதி விளையாட்டாகச் சிவனின் கண்களைப் பொத்தினாளாம், உலகே இருண்டதாம், அப்பிழை தீர இங்கே தவமிருந்து, இறைவன் உடலில் பாதியைப் பெற்றாளாம். கடவுளின் கண் மூடினால் உலகம் இருளும் என்று கதை கட்டியோர், ஏழையின் கண் மூடினால் ஒரு குடும்பமே இருளுமே, அதற்கு என்ன வழி சொன்னார்கள்? வெள்ளியிலே கண்மலர் செய்து காணிக்கை செலுத்து என்றார்கள். வெள்ளி உண்டியலுக்குப் போயிற்று; நோயோ கண்ணிலேயே தங்கிற்று!

கண்ணீர்ப் பையின் நோயை எடுத்துக்கொள்வோம். கண்ணின் உள்மூலையில், மூக்கை ஒட்டி இருக்கிறது அச்சிறு பை. கண்ணீர் அதில் இறங்கி, குழாய் வழியே மூக்கினுள் வடிகிறது. குழாய் அடைபட்டால் நீர் தேங்கும். தேங்கிய நீரிலே கிருமி பெருகும். பை வீங்கிச் சிவந்து சீழ் கட்டும். பெண்களிடமே இது மிகுதி. முற்றிக் கண்குழிக்குள் பரவினால் பார்வையையே பறிக்கவும் கூடும். பாவமும் அல்ல, சாபமும் அல்ல. அடைபட்ட வடிகால், அவ்வளவே!

அவ்வடிகாலுக்கு மாற்றுவழி தேடியது மனித அறிவு. 1893-இல் அமெரிக்க மருத்துவர் கால்டுவெல் மூக்கின் வழியே முயன்றார். ஆனால் இருண்ட குகையிலே கத்தி செலுத்துவது எளிதா? 1904-இல் இத்தாலியர் டோட்டி, முகத்தோலைக் கீறி, எலும்பைத் துளைத்து, பையை மூக்கோடு இணைத்தார். அம்முறையே நெடுங்காலம் கோலோச்சிற்று.

எனினும் சீழ் கட்டிய வேளையில் அதனைச் செய்ய அஞ்சினர். முதலில் மருந்து, பிறகு சீழை வடித்தல், வாரங்கள் சென்றபின் அறுவை என்பதே விதியாயிற்று. காத்திருந்த நாட்களில் சிலருக்கு மீண்டும் வீங்கியது. சிலருக்குத் தோலிலே துளை விழுந்து நீர் கசிந்தது.

1959-ஆம் ஆண்டளவில் ஆங்கில அறிஞர் ஹாப்கின்ஸ் அமைத்த கண்ணாடித் தண்டு வில்லை, எண்டோஸ்கோப் என்னும் அகநோக்கிக்கு ஒளி தந்தது. குகை வெளிச்சமாயிற்று! 1989-இல் மக்டோனாவும் மெய்ரிங்கும் அகநோக்கியின் துணையால் மூக்கின் வழியே செய்த அறுவையை அறிவித்தனர். தோலைக் கீற வேண்டாம். முகத்திலே வடு இல்லை. சீழும் மூக்கிலேயே வடிந்துவிடும். எனவே, கிருமிக்கொல்லி மருந்தின் காப்போடு, சீழ் கட்டிய சில நாட்களிலேயே இவ்வறுவையைச் செய்யும் மருத்துவர்கள் இன்று உளர். எல்லோர்க்கும் இதுவே மருந்து என்று அவர்கள் சாதிப்பதில்லை; ஆளைப் பார்த்து, நோயை ஆய்ந்து முடிவு செய்கின்றனர். நேற்றைய விதியை இன்றைய சான்று மாற்றலாம் என ஒப்புவதே அறிவியல். மாறாதது புராணம்!

இலண்டனில் கண் மருத்துவமனை எழுந்தது 1805-இல். நம் சென்னையில் 1819-இல். திருவண்ணாமலையிலும் அரசு மருத்துவக் கல்லூரி 2013 முதல் இயங்குகிறது. வாயில் திறந்திருக்கிறது, ஆனால் வேண்டுதல் முடியட்டும் என்று வீக்கத்தோடு வீட்டிலே காத்திருக்கும் தாய்மார் எத்தனை பேர்!

தோழர்களே, கோயில் வாசலில் நின்று அவர்களோடு வாதாடுவதால் மட்டும் கண் பிழைக்காது. கைப்பற்றி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்வோம், வீக்கம் கண்ட அன்றைக்கே! பகுத்தறிவு மேடையிலே முழங்கினால் போதாது. அது நோயாளியின் துணையாக நடந்து வரவும் வேண்டும்.