லாகீசை மறந்த பிரசங்கம்

நைல் நதிக்கரைப் பேரரசுக்கும் தைகிரிஸ் நதிக்கரைப் பேரரசுக்கும் இடையே அமைந்திருந்த சிறு மலைநாடு யூதா. கி.மு. எட்டாம் நூற்றாண்டில் அசீரியா மேற்கு நோக்கிப் படர்ந்தபோது, அதன் அரசர் மூவர் மூன்று வழிகளைக் கையாண்டனர். அவற்றை வேதாகமத்தோடு அசீரியப் பதிவுகளையும் வைத்து ஆராய்வது நமக்குப் பயன்தரும்.

முதலாவது, ஆகாசின் வழி. சுமார் கி.மு. 734இல் சீரியாவின் ரேத்சீனும் இஸ்ரவேலின் பெக்காவும் எருசலேமை நெருக்கினர். ஆகாஸ் ஆலயத்துப் பொன்னையும் வெள்ளியையும் திகிலாத்பிலேசருக்கு அனுப்பி உதவி நாடினான். தமஸ்கு கி.மு. 732இல் வீழ்ந்தது, ஆகாசோ கப்பங்கட்டும் அரசனானான். அருகிலிருந்த சிறு பகையை நீக்கப் பெரும் வல்லரசைத் தன் வாசலுக்கே அழைத்துக்கொண்டான்.

இரண்டாவது, எசேக்கியாவின் வழி. கி.மு. 705இல் சர்கோன் போரில் மடியவே, கீழ்ப்பட்ட அரசர் பலர் கிளர்ந்தெழுந்தனர். எசேக்கியாவும் எகிப்தை நம்பிக் கப்பத்தை நிறுத்தினான். கி.மு. 701இல் சனகெரிப் படையெடுத்து வந்தான். அரணான பட்டணங்கள் 46ஐப் பிடித்ததாக அவனது பதிவு கூறுகிறது. லாகீசின் வீழ்ச்சியை அவன் நினிவே அரண்மனைச் சுவரில் செதுக்கி வைத்தான்; அச்சிற்பங்கள் இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ளன. எருசலேம் தப்பியது. ஆயினும் 30 தாலந்து பொன் கொடுக்கப்பட்டதென்பதில் இரு தரப்புப் பதிவுகளும் ஒத்துப்போகின்றன.

மூன்றாவது, மனாசேயின் வழி. 55 ஆண்டுகள் ஆண்ட இவனது பெயர், எசரத்தோன், அசூர்பனிபால் ஆகியோரின் பதிவுகளில் கீழ்ப்பட்ட அரசர் வரிசையில் காணப்படுகிறது. இராஜாக்களின் ஆகமம் இவனைக் கடுமையாகக் கண்டிக்கிறது. ஆனால் அங்கே காட்டப்படும் குற்றங்கள் விக்கிரக வணக்கமும் குற்றமற்றவரின் இரத்தம் சிந்தியதுமேயன்றி, கப்பங்கட்டியதல்ல என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அவ்வாறாயின் தீர்க்கதரிசிகள் எதைப் போதித்தனர்? எதிர்ப்பையா, பணிவையா? ஏசாயா ஆகாசின் அச்சத்தையும் கண்டித்தார், எகிப்தின் குதிரைகளை நம்பியதையும் கண்டித்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பின் எரேமியாவோ பாபிலோனின் நுகத்தைச் சுமக்கும்படி சொன்னார். அரசியல் தந்திரம் ஒன்றை என்றைக்குமான கட்டளையாக்க அவர்கள் முன்வரவில்லை. யாரை நம்புகிறோம், அந்நம்பிக்கைக்காக யார் துன்புறுகிறார்கள் என்பவையே அவர்களது கேள்விகள்.

எருசலேம் தப்பிய நிகழ்ச்சி, நாளடைவில் அந்நகரம் ஒருபோதும் விழாது என்னும் கோட்பாடாயிற்று. ஆலயத்தைக் காட்டி ஆறுதல் சொன்னவர்களை எரேமியா எதிர்த்தார். சிதேக்கியா அவருக்குச் செவிகொடாமற்போனான், சுமார் கி.மு. 587இல் நகரமும் ஆலயமும் அழிந்தன.

ஏசாயா 36ஆம் அதிகாரத்தில் கப்பத்தைப் பற்றிய செய்தி இல்லை. 2 இராஜாக்கள் 18:14-16இல் உள்ளது. நாம் விடுதலையைப் பிரசங்கிக்கும்போது அவ்வசனங்களையும் சபைக்கு வாசித்துக் காட்டுவோமாக. எருசலேமின் ஸ்தோத்திரத்தினூடே லாகீசின் அழுகுரலும் கேட்கப்பட வேண்டும்.