பேஸ்மட்டம்

ஆங்கிலேயருக்கு 'பேஸ்மென்ட்' என்றால் நிலத்துக்குள் இறங்கிப் போகும் அறை. நம் ஊர்க் கொத்தனாரிடம் 'பேஸ்மட்டம்' என்று சொல்லிப் பாருங்கள், அவர் கை முழங்கால் உயரத்தைக் காட்டும். நிலத்திலிருந்து வீட்டுத் தளம் வரை எழும் மேடைக்குத்தான் இங்கே அந்தப் பெயர். அரசு வீட்டுத் திட்டங்களில் தவணைப் பணம் விடுவிக்கும் கட்டங்களில்கூட பேஸ்மட்டம் ஒன்று. சொல்லைத் தப்பாகப் பிடித்துக்கொண்டார்கள் என்று சிரிக்க வேண்டியதில்லை. கட்டடத்தின் அடிப்பகுதி என்ற பொருளும் அந்த ஆங்கிலச் சொல்லுக்கு உண்டு. நம்மவர் அதை எடுத்துக்கொண்டு, 'மட்டம்' என்ற சொல்லின் சாயலை ஏற்றித் தமிழாக்கிவிட்டார்கள். ஈரத்தை எதிர்கொள்ளும் வழி இறங்குவதல்ல, ஏறுவதே என்ற பழைய கட்டட அறிவு அந்தச் சொல்லிலேயே படிந்திருக்கிறது. தரையில் எந்தக் கல்லைப் பதிப்பது என்பது அந்த அறிவில் கடைசிக் கேள்வி. இன்று அதுவே முதல் கேள்வியாகிவிட்டது என்பதுதான் சிக்கல்.

சுவரிலும் தரையிலும் ஊறும் ஈரத்துக்கு ஓதம் என்று பெயர். கடல் அலைக்கும் அதே சொல்தான். பொருத்தமான சொல், ஏனென்றால் இந்த ஈரமும் ஏறி வருவது. மண்ணிலும் செங்கல்லிலும் உள்ள நுண்துளைகள் விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல நிலத்தடி நீரை மேலே இழுக்கும். துளை எவ்வளவு சிறிதோ அவ்வளவு உயரம் நீர் ஏறும். அதனால்தான் களிமண்ணில் வெகு உயரம் ஏறுவது பருமணலில் சீக்கிரம் நின்றுவிடுகிறது. பேஸ்மட்டத்துக்குள் மணலை நிரப்பி, தண்ணீர் விட்டு, திமிசுக் கட்டையால் இடித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து தளம் போட்டதற்கு இந்தப் பயனும் உண்டு. காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயிலைப் பாருங்கள். சுமார் 1,300 ஆண்டுகளுக்கு முன் ராஜசிம்ம பல்லவன் கட்டியது. சுவர்கள் மணற்கல், அடிவரிசையோ கருங்கல். பாரம் தாங்கத்தான் கருங்கல் என்று வாதிடலாம், அதுவும் காரணமாக இருந்திருக்கும். ஆனால் மணற்கல் நீரை உறிஞ்சும், கருங்கல் கிட்டத்தட்ட உறிஞ்சாது. மண்ணைத் தொடும் இடத்தில் உறிஞ்சாத கல் இருந்ததன் பலன், நோக்கம் எதுவானாலும் கிடைத்துவிடுகிறது.

மேடை கட்ட வசதியில்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்பது நியாயமான கேள்வி. பேஸ்மட்டத்தின் உயரம் செல்வத்தின் உயரமாகவும் இருந்தது என்பதை மறைக்க முடியாது. குடிசையின் தரை தெருவை விட ஒரு சாண் உயர்ந்திருந்தால் பெரிது. அங்கே வேலை செய்தது வேறொரு முறை. சாணம் மெழுகிய மண்தரை நீரைத் தடுப்பதில்லை. ஏறி வரும் ஈரத்தை மேலே விட்டு, காற்றில் உலர வைக்கிறது. மேற்பரப்பு பொரிந்துபோனால் அடுத்த வெள்ளிக்கிழமை மெழுகலில் சரியாகிவிடும். அந்த வேலையை வாரந்தவறாமல் குனிந்து செய்தவர்கள் பெண்கள் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். மண்தரையைப் புகழ்ந்து எழுதுகிறவர்கள் பெரும்பாலும் மெழுகாதவர்கள்.

ஏறிக் கட்டுவது, உலர விடுவது என்ற இரண்டு வழிகளும் சேரும் இடம் செட்டிநாடு. அந்த வீடுகளுக்குள் போகப் படியேறியாக வேண்டும். உள்ளே பல இடங்களில் பதித்திருப்பது ஆத்தங்குடிக் கல். கண்ணாடித் துண்டின்மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, அதற்குள் பூ அச்சை இறக்கி, சிவப்பு, மஞ்சள், பச்சை என்று அச்சின் ஒவ்வொரு கட்டத்திலும் வண்ண சிமென்ட் குழம்பைக் கரண்டியால் ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்ததும் கோடு கலையாமல் நிற்கிறது. மேலே உலர்ந்த சிமென்ட் மணலைத் தூவி, ஈரக் கலவையால் நிரப்பி மட்டம் தட்டுகிறார்கள். காய்ந்தபின் நாள்கணக்கில் தண்ணீர்த் தொட்டியில் ஊறுகிறது. சூளைக்கே போவதில்லை. பளபளப்பு கண்ணாடியிடமிருந்து வாங்கியது, அடிப்பக்கம் சொரசொரப்பாகவே இருக்கும். நீரில் ஊறி இறுகிய இந்தக் கல்லுக்குக் கொஞ்சம் ஓதம் பெரிய பகையல்ல, உள்வாங்கி வெளியே விட்டுவிடும். ஆனால் உப்பு நீர் ஏறினால் இதன்மேலும் உப்புப் பூக்கும். அதனால்தான் கீழே மேடை வேண்டியிருந்தது.

விட்ரிஃபைடு டைல்ஸ் வந்தபின் இந்தக் கவலையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். தன் எடையில் 0.5 சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சக் கூடாது என்பது அதற்குரிய தர அளவு. உறிஞ்சாது, உண்மைதான். ஆனால் டைல்ஸ் உறிஞ்சாததால் கீழிருந்து ஏறும் நீர் நின்றுவிடுவதில்லை. இடுக்குகளில் வெள்ளையாக உப்புக் கட்டும். மூடிய தரையைச் சுற்றிக்கொண்டு சுவரில் ஏறி, பெயின்ட்டைப் பொரியவைக்கும். அப்போது பழி பெயின்ட்காரர் தலையில் விழும். போதாததற்கு, மனை விலை உயர்ந்ததால் நாமும் நிலத்துக்குள் இறங்கிக் கட்டத் தொடங்கிவிட்டோம். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் பல அடுக்குமாடிகளின் கீழ்த்தளங்கள் குளமாயின. கீழே இறங்கித்தான் ஆக வேண்டுமென்றால் வெளிச்சுவருக்கு நீர்க்காப்பும், நீர் வடிய வழியும், பம்பும் முதலில் வேண்டும். அதன்பின் அங்கே சிமென்ட் தரையோ கடப்பைக் கல்லோ போதும். மரமும் லேமினேட்டும் உப்பி எழும்.

உங்கள் வீட்டுத் தரையைப் பற்றிச் சந்தேகம் இருந்தால், கார்த்திகை மழை ஓய்வதற்குள் ஒரு கஜம் பிளாஸ்டிக் தாளை வெறும் தரையில் விரித்து, நான்கு ஓரமும் டேப் ஒட்டி, மூன்று நாள் கழித்துப் பிரித்துப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தால் டைல்ஸ் கடைக்குப் பிறகு போகலாம், முதலில் கொத்தனாரைக் கூப்பிடுங்கள்.