பழைய வேனில் 'கம்ப்யூட்டர் போயிருச்சு' என்கிறாரா மெக்கானிக்? மாற்றும் முன் இதைப் பாருங்க!

புரட்டாசி பிறந்துவிட்டால் குளத்தூர், விளாத்திகுளம், எட்டயபுரம் பக்கம் கரிசல் காடுகளில் விதைப்பு தொடங்கிவிடும். விதை, உரம், ஆட்கள் என பழைய ஆம்னி, ஈகோ வேன்களுக்கு ஓய்வே இருக்காது. அந்த நேரம் பார்த்து வண்டி நின்றுபோனால், "கம்ப்யூட்டர் போயிருச்சு அண்ணாச்சி, மாத்தணும்" என்ற பதில் வரலாம். ஆயிரக்கணக்கில் செலவு வைக்கும் வேலை இது. மாற்றிய பிறகும் வண்டி கிளம்பாமல் போகலாம், புதிதாகப் போட்டதும் சேர்ந்து எரிந்துபோகலாம். அதனால் சில சோதனைகளை முதலில் முடித்துவிடுவது நல்லது.

ஈசியூ என்றால் என்ன?

எஞ்சினை நடத்தும் சிறிய கணினிதான் ஈசியூ. சில மெக்கானிக்குகள் ஈசிஎம் என்பார்கள். எஞ்சின் எவ்வளவு சூடாக இருக்கிறது, எவ்வளவு காற்று போகிறது, கிராங்க் எந்த நிலையில் சுற்றுகிறது என்று சென்சார்கள் இதற்குச் சொல்லும். அதை வைத்து எவ்வளவு பெட்ரோல் தெளிக்க வேண்டும், எப்போது ஸ்பார்க் கொடுக்க வேண்டும் என்று இது முடிவு செய்யும்.

எல்லாப் பழைய வேனிலும் இது இருக்குமா?

இருக்காது. 1984-ல் வந்த மாருதி வேன்தான் பிறகு ஆம்னி ஆனது. ஆரம்பகால வண்டிகள் கார்புரேட்டரில் ஓடின. 2005-ல் வந்த முதல் டாடா ஏஸ் டீசல் வண்டிகளில் மெக்கானிக்கல் பம்ப்தான்.

புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியபோதுதான் ஈசியூ கட்டாயத் தேவை ஆனது. பிஎஸ்-2 விதி 2005-லும், பிஎஸ்-3 விதி 2010-லும், பிஎஸ்-4 விதி 2017-லும் நாடு முழுவதற்கும் வந்தன. ஆம்னியின் பிந்தைய மாடல்களிலும், 2010-ல் வந்த ஈகோவிலும் பெட்ரோலைத் தெளிப்பது ஈசியூ சொல்லும் கணக்கில்தான். ஆம்னி தயாரிப்பு 2019-ல் நின்றுவிட்டது. அதனால் பலர் பழைய உதிரிபாகங்களைத் தேடிப் போகிறார்கள்.

என்ன அறிகுறி தெரியும்?

செல்ஃப் அடிக்கும், ஆனால் ஸ்டார்ட் ஆகாது. ஓடிக்கிட்டிருக்கும்போதே திடீரென அணையும். சூடானால் நின்று, ஆறினால் கிளம்பும். மிஸ்ஸிங் அடிக்கும், பெட்ரோல் அதிகமாகக் குடிக்கும்.

சிக்கல் என்னவென்றால், பெட்ரோல் பம்ப், கிராங்க் சென்சார், ரிலே, இக்னிஷன் காயில், லூஸான எர்த் வயர் என எது கெட்டாலும் இதே அறிகுறிகள்தான் வரும். அறிகுறியை மட்டும் வைத்து ஈசியூவைக் குற்றம் சொல்ல முடியாது.

மாற்றும் முன் செய்ய வேண்டிய சோதனைகள்

பேட்டரி: வண்டி நிற்கும்போது 12.4 வோல்ட்டுக்குக் குறையக் கூடாது. செல்ஃப் அடிக்கும்போது 10 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால் ஈசியூ சரியாக வேலை செய்யாது. எஞ்சின் ஓடும்போது சுமார் 13.5 முதல் 14.5 வோல்ட் இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ஆல்டர்னேட்டரில் கோளாறு. புது ஈசியூவையும் அது கெடுத்துவிடும்.

எர்த்: மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும், மறு முனையை எஞ்சின் பாடியிலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க. 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து இறுக்க வேண்டும். குளத்தூர், வைப்பார், வேம்பார் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்றில் இந்த இணைப்புகள் சீக்கிரமே பூத்துவிடும்.

செக் லைட்: சாவியைப் போட்டதும் எஞ்சின் விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் ஈசியூவுக்குக் கரண்ட் வராமலிருக்கலாம். முதலில் ஃபியூஸ், மெயின் ரிலே, எலி கடித்த வயர் ஆகியவற்றைப் பார்க்கணும்.

ஸ்கேனர்: ஸ்கேனர் ஈசியூவோடு பேசி விவரம் காட்டினால், அது முழுதாகச் சாகவில்லை என்று அர்த்தம். பேசவில்லை என்றாலும் அவசரப்பட வேண்டாம். ஈசியூ சென்சார்களுக்கு 5 வோல்ட் அனுப்பும். ஒரு சென்சார் ஷார்ட் ஆனாலே அந்த 5 வோல்ட் விழுந்து, ஈசியூ செத்தது போலத் தெரியும். சென்சார் பிளக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தால் எது காரணம் என்று பிடிபடும்.

கரண்ட், எர்த், வயரிங், சென்சார் எல்லாம் சரியாக இருந்தும் இன்ஜெக்டருக்கோ காயிலுக்கோ உத்தரவு போகவில்லை என்றால்தான் ஈசியூ மீது சந்தேகப்பட வேண்டும்.

ஈசியூ எதனால் கெடுகிறது?

வயது ஒரு காரணம். வெயில் சூட்டிலும் குண்டுங்குழியுமான ரோட்டுக் குலுக்கலிலும் உள்ளே இருக்கும் சால்டர் விரிசல் விடும், கெப்பாசிட்டர் கசியும். மற்றதெல்லாம் நாம் செய்வது:

• 24 வோல்ட் லாரி பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்து ஸ்டார்ட் செய்வது
• பிளஸ், மைனஸ் மாற்றிக் கொடுப்பது
• பேட்டரியையும் ஈசியூ பிளக்கையும் கழற்றாமல் பாடியில் வெல்டிங் வைப்பது
• ஒட்டிய கரிசல் மண் போக வேண்டும் என்று பிளக்குகள் மீது பிரஷரில் தண்ணீர் அடிப்பது

ஷார்ட் ஆன காயிலும் இன்ஜெக்டரும் ஈசியூவுக்குள் இருக்கும் டிரான்சிஸ்டரை எரித்துவிடும். அதைச் சரிசெய்யாமல் ஈசியூவை மட்டும் மாற்றினால் அடுத்ததும் எரியும்.

மாற்றத்தான் வேண்டும் என்றால் வழி என்ன?

மூன்று வழிகள் இருக்கு. சால்டர், கெப்பாசிட்டர், டிரான்சிஸ்டர் போன்ற கோளாறு என்றால் நல்ல எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக்கால் பழுதுபார்க்க முடியும். உங்கள் வண்டியின் சொந்த ஈசியூ என்பதால் சாவிப் பிரச்சினையும் வராது. முதலில் இதைக் கேட்டுப் பாருங்க.

இரண்டாவது, செகண்ட் ஹேண்ட். சென்னை புதுப்பேட்டை போன்ற சந்தைகளில் தேடலாம். பெட்டி ஒரே மாதிரி இருந்தால் போதாது, மேலே ஒட்டியிருக்கும் பார்ட் எண் அப்படியே பொருந்த வேண்டும். பெட்ரோல் வண்டிக்கும் காஸ் வண்டிக்கும், பிஎஸ்-3 வண்டிக்கும் பிஎஸ்-4 வண்டிக்கும் ஈசியூ வேறுபடும்.

மூன்றாவது, புதியது. செலவு அதிகம்தான், ஆனால் வாரன்டி கிடைக்கும்.

இம்மொபிலைசர் உள்ள வண்டியில் இன்னொரு வேலையும் இருக்கு. சாவியில் உள்ள சிப்பை ஈசியூ அடையாளம் கண்டால்தான் எஞ்சின் கிளம்பும். வேறு ஈசியூ மாட்டினால் சாவியை அதோடு இணைக்கும் கோடிங் வேலையைச் செய்தாக வேண்டும். இதைச் செய்துதர ஆள் இருக்கிறாரா என்று கேட்காமல் ஈசியூ வாங்காதீங்க.

மாட்டும்போது பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டே பிளக்கைத் தொட வேண்டும். பழைய ஈசியூவைத் தூக்கிப் போடாதீங்க. பிறகு ரிப்பேருக்கோ எண் சரிபார்க்கவோ உதவும்.

ஆர்சி-யில் மாற்றம் செய்யணுமா?

ஆர்சி-யில் பதிவாவது எஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும்தான், ஈசியூ எண் அல்ல. ஆனால் பொருந்தாத ஈசியூ போட்டால் பெட்ரோல் கலவை மாறி புகைச் சோதனையில் தோற்க வாய்ப்புண்டு. மாற்றிய பிறகு ஒருமுறை புகை அளவைப் பார்த்துவிடுங்க.

மெக்கானிக்கிடம் கேட்க வேண்டியவை

• எர்த்தும் கரண்டும் மீட்டரில் பார்த்தாச்சா?
• ஸ்கேனரில் என்ன காட்டியது?
• பழையது எதனால் கெட்டது?
• பார்ட் எண் பொருந்துகிறதா, சாவி கோடிங் யார் செய்வார்கள்?
• வேலை செய்யாவிட்டால் கடையில் திருப்பி எடுப்பார்களா?

இவற்றுக்குத் தெளிவான பதில் வந்த பிறகு பணத்தைக் கொடுங்க. 'எதனால் கெட்டது' என்ற கேள்விக்குப் பதில் இல்லை என்றால், புது ஈசியூ வாங்க இன்னும் நேரம் வரவில்லை.